இரவுக் குளிசை: தொடர்வதா, மாற்றுவதா, குறைப்பதா?

கிளினிக் கொப்பியைப் புரட்டினால் மாதாமாதம் ஒரே வரி: குளோனசெபாம் 0.5 மி.கி., இரவு ஒன்று. நித்திரையை வரவழைக்கும் குளிசை. அது எப்போது, எதற்காகத் தொடங்கியது என்று தேடினால் கிடைக்காது. பழைய கொப்பி முடிந்து புதியது போட்டபோது மருந்தின் பெயர் மட்டும் இடம் மாறியிருக்கும், காரணம் பழைய கொப்பியோடேயே போயிருக்கும். வீட்டில் ஒருவர் "இந்தக் குளிசையை விட்டால்தான் உருப்படுவாய்" என்பார். இன்னொருவர் "நித்திரை வருதெல்லோ, பிறகேன் குழப்புறாய்" என்பார்.

விடுவதும் தொடர்வதும் தவிர வேறு வழிகளும் உண்டு. குளிசையை மாற்றலாம், குளிசையோடேயே படுக்கை நேரத்தைத் திருத்தலாம், பிறகு படிப்படியாகக் குறைக்கலாம். எதைத் தெரிவு செய்வது என்பதைவிட எதை முதலில் செய்வது என்பதுதான் பலருக்குப் பிழைக்கிறது. முதலில் குளிசையைக் குறைத்து, நித்திரை கெட்ட பிறகு பழக்கத்தைத் திருத்தப் பார்க்கிறார்கள். தலைகீழாகச் செய்யவேண்டிய வேலை இது.

கிழமையில் 3 இரவாவது, 3 மாதத்துக்கு மேலாக, படுக்க நேரமும் இடமும் இருந்தும் நித்திரை வராமலோ நிலைக்காமலோ போய், அதனால் பகலும் கெட்டால்தான் அது நாட்பட்ட நித்திரையின்மை. திருகோணமலைப் பக்கம் விடியப்புறம் 2 மணிக்கு வள்ளம் தள்ளுகிறவருக்கும், தம்பலகாமத்தில் யானைக்குப் பயந்து வயல் காவல் இருக்கிறவருக்கும், சீனன்குடாவில் இரவு முறை வேலை பார்க்கிறவருக்கும் பெரும்பாலும் இருப்பது நேரமின்மை. குளிசை நேரத்தை உண்டாக்கித் தராது. விழித்திருக்கவேண்டிய வேளையில் மயக்கத்தை மட்டும் மிச்சம் வைக்கும்.

வேறு நோய் ஒளிந்திருக்கிறதா என்பதையும் முதலில் கேட்கவேண்டும். பெரிய குறட்டை, நடுவில் மூச்சு நின்று திணறி எழும்புதல், காலையில் தலையிடி என்றால் அது மூச்சுத் தடைப்படும் நோயாக இருக்கலாம். நித்திரைக் குளிசை தொண்டைத் தசையைத் தளர்த்தி அதை மோசமாக்கும். படுத்ததும் காலுக்குள் ஏதோ ஊர்வதுபோல் இருந்து, நடந்தால் தணிந்தால் இரும்புச்சத்தைப் பரிசோதிக்கவேண்டும். மாலையில் போடும் ஃபுரோசமைட் இரவில் நான்கு தரம் எழுப்பும். பிரெட்னிசொலோன் நித்திரையைக் கெடுக்கும், புரொப்பிரனலோல் சிலருக்குக் கெட்ட கனவு தரும். இவற்றில் சிலவற்றுக்கு குளிசை போடும் நேரத்தை மாற்றினாலே போதும். யுத்தமோ சுனாமியோ கனவில் திரும்ப வந்து எழுப்பினால் அது மனநல கிளினிக்கில் வேறாகப் பார்க்கவேண்டிய விடயம். கீழே சொல்லும் படுக்கை நேரக் கணக்கு மட்டும் அதற்கு மருந்தாகாது.

தொடர்வது

இதைக் கேவலமாகப் பார்க்கத் தேவையில்லை. வலிப்பு நோய்க்காக அந்தக் குளிசையை எடுக்கிறவர், கடும் மனநோய்க்கு மருந்தில் இருப்பவர், மிக முதிர்ந்த வயதில் சிறிய அளவில் பல வருடம் நிலையாக இருப்பவர் ஆகியோருக்கு வைத்தியர் ஆராய்ந்து பார்த்துத் தொடரச் சொன்னால் அது ஒரு முடிவு. யாரும் கேட்காததால் தொடர்ந்துகொண்டிருப்பது முடிவல்ல.

தொடர்வதன் விலை வயதோடு ஏறும். குளோனசெபாம் வகைக் குளிசைகள் நித்திரைக்காகப் பொதுவாக 4 கிழமைக்கு மேல் போகக்கூடாது என்பதே வழிகாட்டல். பழகப் பழகப் பலன் குறையும், தள்ளாட்டம் குறையாது. கழிப்பறை வளவுக்குள் தள்ளியிருக்கிற வீட்டில், இரவு 2 மணிக்கு டோர்ச் லைட்டோடு இரண்டு படி இறங்கும் 70 வயது அம்மாவுக்கு இடுப்பெலும்பு முறிவதுதான் முதல் ஆபத்து. தொடர்வதென்றால் படியில் ஒரு பல்பு, சுவரில் ஒரு பிடி, கட்டிலடியில் ஒரு வாளி, இவையும் மருந்துச் சீட்டின் பாகம்தான்.

சாராயம் எடுக்கிற இரவில் இந்தக் குளிசை கூடாது. சாராயமும் இந்தக் குளிசையும், நோவுக்குத் தரும் டிரமடோல், கோடீன் போன்றவையும் எல்லாமே மூச்சை அமுக்குபவை. ஒன்றோடொன்று சேரும்போது ஆபத்து இரட்டிப்பதோடு நிற்காது.

மாற்றுவது

எல்லா நித்திரைக் குளிசையும் ஒன்றல்ல. உடம்பில் இருக்கும் அளவு பாதியாகக் குறைய எவ்வளவு நேரம் எடுக்கிறது என்பதுதான் முக்கிய வித்தியாசம். சொல்பிடெம்முக்கு 2 முதல் 3 மணித்தியாலம். சொபிகுளோனுக்கு ஏறத்தாழ 5, அல்பிரசொலாமுக்கு 11 அளவில். குளோனசெபாமுக்கு ஒரு நாளுக்கு மேல். டயசெபாமுக்கும் அப்படியே, அது உடைந்து உண்டாகும் பொருளோ இன்னும் பல நாள் தங்கும்.

இதை இரவுக் கணக்காகப் பார்த்தால் விளங்கும். இரவு 10 மணிக்குப் போட்ட சொல்பிடெம் விடியப்புறம் 3 மணிக்குக் கால்வாசியாகிவிடும். படுத்தவுடன் நித்திரை வராதவருக்கு அது உதவும், 3 மணிக்கு முழிப்பு வருபவருக்கு உதவாது. அவர் அந்த 3 மணிக்கு இரண்டாவது குளிசையைப் போடுவார். 7 மணிக்குப் பிள்ளையை ஏற்றிக்கொண்டு மோட்டார் சைக்கிளில் போகும்போது அது வேலை செய்துகொண்டிருக்கும். முழுதாக 7, 8 மணித்தியாலம் படுக்க நேரமில்லாவிட்டால் சொல்பிடெம் போடக்கூடாது என்பது இதற்காகத்தான். பெண்களின் உடம்பில் அது மெதுவாகக் கழிவதால் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு நிறுவனம் 2013 இல் பெண்களுக்கான தொடக்க அளவை 10 இலிருந்து 5 மி.கி. ஆகக் குறைத்தது. நித்திரையிலேயே எழும்பி நடப்பது, சமைப்பது, வாகனம் ஓட்டுவது என்று நடந்ததால் 2019 இல் இந்த வகைக் குளிசைகளின் மேல் மிகக் கடுமையான எச்சரிக்கையும் போட்டது. அப்படி ஒருதரம் நடந்தாலே அந்தக் குளிசை அவருக்கு முடிந்தது. சொபிகுளோன் காலையில் வாயில் உலோகக் கசப்பை விடும். அது நோயல்ல.

நீண்ட நேரம் நிற்கும் குளோனசெபாமும் டயசெபாமும் நடு இரவு முழிப்பைக் குறைக்கும். ஆனால் நேற்றைய குளிசையின் மேல் இன்றையது ஏறும். முதல் கிழமை நல்லாயிருந்து, மூன்றாம் கிழமை பகலிலும் தலை கனக்கிறது என்று சொல்வது இந்தச் சேர்மானத்தால்.

"பழக்கமாகாத குளிசை" என்று கேட்பவருக்கு அமிற்றிப்டிலின் 10 மி.கி. கொடுக்கப்படுவதுண்டு. நரம்பு நோவோ ஒற்றைத் தலையிடியோ கூடவே இருந்தால் அது நல்ல தெரிவு. சலப்பை அடைப்புள்ள ஆண்களுக்கும் கண் அழுத்தம் உள்ளவருக்கும் இதயத் துடிப்புக் கோளாறு உள்ளவருக்கும் அது பொருந்தாது. பாமசியில் "தம்பி, அந்தச் சின்ன மஞ்சள் குளிசை ஒரு கார்ட் தாங்கோ" என்று வாங்கும் பிரிட்டோன் ஒரு சில இரவிலேயே பலன் இழந்துவிடும். முதியவரில் அது மறதியையும் குழப்பத்தையும் கூட்டும், சலம் போகவும் கஷ்டப்படுத்தும். சளிக்கு எடுப்பது வேறு, நித்திரைக்குத் தினமும் எடுப்பது வேறு. மெலட்டோனின் (இருட்டில் உடம்பே சுரக்கும் நித்திரைச் சுரப்பு) மெல்லக் கரையும் 2 மி.கி. குளிசையாக ஐரோப்பாவில் 55 வயதுக்கு மேற்பட்டவருக்கு 13 கிழமை வரை அனுமதிக்கப்பட்டது. படுக்க 1, 2 மணித்தியாலம் முன்னர் எடுக்கவேண்டும். பலன் சிறிது, ஆபத்தும் சிறிது. குளோனசெபாமில் பல வருடம் இருந்தவர் அதை நிறுத்தி இதைப் போட்டால் ஏமாந்துபோவார். இது அதன் இடத்தை நிரப்பாது.

சித்த வைத்தியத்தில் அமுக்கரா பொடி கேட்பவர் பலர். அதற்கு ஓரளவு ஆதாரம் உண்டு. தைரொயிட் குளிசை எடுப்பவரும் ஈரல் நோய் உள்ளவரும் கேட்காமல் எடுக்கக்கூடாது, நித்திரைக் குளிசையோடு சேர்த்தால் மயக்கம் கூடும். பாலில் சாதிக்காய் ஒரு சிட்டிகை தப்பில்லை. "கூடப் போட்டால் கூட நித்திரை" என்று தேக்கரண்டிக் கணக்கில் அரைத்துப் போட்டால் வாந்தி, படபடப்பு, மாயக்காட்சி வரை போகும்.

சுருங்கச் சொன்னால், மாற்றுவது பக்க விளைவைத் திருத்தும் வழி. குளிசையில் தங்கியிருப்பதைத் திருத்தும் வழியல்ல.

திடீரென்று விடுவது, தேவைக்குப் போடுவது

இவை இரண்டும் உள்ளதில் மோசமான தெரிவுகள், அதிகம் பேர் செய்வதும் இவைதான். கோணேஸ்வரத்துக்கு நேர்த்தி வைத்து ஒரே நாளில் விட்டவர், கிளினிக் திகதி தவறி ஒரு கிழமை குளிசை இல்லாமல் போனவர், இருவருக்கும் உடம்பில் நடப்பது ஒன்றே. அல்பிரசொலாம் போன்றது ஓரிரு நாளிலேயே காட்டிவிடும். குளோனசெபாமும் டயசெபாமும் ஏமாற்றும். முதல் மூன்று நாள் ஒன்றும் தெரியாது, "விட்டுட்டன், ஒண்டுமில்லை" என்று ஊரெல்லாம் சொல்லியிருப்பார். ஐந்தாம் ஆறாம் நாளில் வியர்வை, நெஞ்சு படபடப்பு, காதிரைச்சல், தசை துடிப்பு, சின்னச் சத்தத்துக்கும் திடுக்கிடுதல் வரும். நீண்ட காலம் எடுத்தவருக்கு வலிப்பும் வரலாம். வலிப்பு, ஆள் தெரியாத குழப்பம், இல்லாததைப் பார்ப்பது ஆகியவை 1990 அம்புலன்சுக்கு அழைக்கவேண்டிய அறிகுறிகள். "நாளைக்குப் பார்ப்பம்" இல்லை.

தினமும் எடுத்துவந்தவர் இனித் தேவைக்கு மட்டும் என்று தொடங்கினால், விட்ட இரவெல்லாம் உடம்பு பின்வாங்கி முழித்திருக்கும். அவர் அதைத் தன் பழைய நோய் என்று நினைப்பார். மறுநாள் குளிசை போட்டதும் நித்திரை வரும். குளிசை இல்லாமல் தன்னால் முடியாது என்ற நம்பிக்கை இப்படித்தான் கிழமைக்குக் கிழமை இறுகுகிறது. ஒரே அளவு தினமும், ஒரே நேரத்தில் எடுப்பது இதைவிட மேல்.

படுக்கை நேரத்தைத் திருத்துவது

2016 இல் அமெரிக்க உள்நோய் மருத்துவர் கல்லூரி வளர்ந்தவர் எல்லோருக்கும் முதல் சிகிச்சையாகச் சொன்னது குளிசையை அல்ல, நித்திரையின்மைக்கான அறிகை நடத்தைச் சிகிச்சையை. அதன் முதுகெலும்பு இரண்டு: 1972 இல் உளவியலாளர் பூட்சின் சொன்ன தூண்டல் கட்டுப்பாடு (படுக்கையை நித்திரைக்கு மட்டும் பழக்குவது), 1987 இல் ஸ்பீல்மன் குழு விளக்கிய படுக்கை நேரச் சுருக்கம். பெயர்தான் பெரிது. தேவைப்படுவது 80 பக்கக் கொப்பி ஒன்றும் பேனையும்.

முதல் இரண்டு கிழமை எதையும் மாற்றாமல் எழுதவேண்டும். எத்தனை மணிக்குப் படுத்தது, எவ்வளவு நேரத்தில் நித்திரை வந்தது, நடுவில் மொத்தமாக எவ்வளவு நேரம் முழிப்பு, கடைசியாக எப்போது எழும்பியது, குளிசை என்ன, எத்தனை மணிக்கு. காலையில் ஞாபகத்தில் எழுதினால் போதும். இரவில் மணிக்கூட்டைப் பார்த்து எழுதுவது நித்திரையைக் கெடுக்கும் இன்னொரு வேலை. கைத்தொலைபேசியை முன்னறையில் வைத்துவிடவேண்டும்.

கணக்கு இப்படி. ஒருவர் 9 மணிக்குப் படுத்து காலை 6 மணிக்கு எழும்புகிறார். படுக்கையில் 540 நிமிடம். கூட்டிக் கழித்தால் நித்திரை 315 நிமிடம், அதாவது 5 மணி 15 நிமிடம். 315 ஐ 540 ஆல் வகுத்தால் 58 வீதம். அவர் 5 மணித்தியால நித்திரையை 9 மணித்தியாலப் பாயில் விரித்துப் போட்டிருக்கிறார், அதனால்தான் அங்கங்கே ஓட்டை. இனி அவர் படுக்கையில் இருக்கலாம் என்பது ஐந்தரை மணித்தியாலம் மட்டும். எழும்பும் நேரத்தை முதலில் பூட்டவேண்டும். காலைப் பாங்கோ கோயில் மணியோ எப்படியும் எழுப்பும் வீடென்றால் அதோடு சண்டை பிடிக்காமல் 5.30 என்று வைக்கலாம். படுப்பது நள்ளிரவு 12 மணிக்கு. குளிசை போடுகிறவர் இதே காலத்தில் அதே அளவைத் தொடர்கிறார், போடும் நேரம் மட்டும் புதிய படுக்கை நேரத்தோடு பின்னுக்குப் போகும்.

ஒரு கிழமை முடிய மறுபடி கணக்கு. 330 நிமிடத்தில் 290 நித்திரை என்றால் 88 வீதம். 85 க்கு மேல் என்பதால் 15 நிமிடம் கூட்டி 11.45 க்குப் படுக்கலாம். 80 க்கும் 85 க்கும் இடையில் அப்படியே விடவேண்டும். 80 க்குக் கீழே என்றால் 15 நிமிடம் குறைக்கலாம், ஆனால் 5 மணித்தியாலத்துக்குக் கீழே யாரும் போகக்கூடாது. கூட்டுவதெல்லாம் படுக்கும் பக்கத்தில்தான். எழும்பும் நேரம் ஞாயிற்றுக்கிழமையும் 5.30.

முதல் இரண்டு கிழமை பகல் கொடுமையாக இருக்கும். இதைச் சொல்லாமல் தொடங்கி வைப்பதால்தான் பலர் நான்காம் நாளில் கைவிடுகிறார்கள். பஸ், லொறி, ஓட்டோ ஓட்டுகிறவரும் கடலுக்குப் போகிறவரும் இந்தச் சுருக்கத்தை மெதுவாக, அரை மணித்தியாலம் அரை மணித்தியாலமாகச் செய்யவேண்டும். வலிப்பு நோயோ மனவெழுச்சி மாறுபாட்டு (பைபோலார்) நோயோ உள்ளவர் வைத்தியரைக் கேட்காமல் தொடவே கூடாது. நித்திரை இழப்பே அவர்களுக்குத் தாக்கத்தைக் கொண்டுவரும்.

இரவு 9 மணிக்கும் 12 மணிக்கும் இடையிலான நேரம்தான் உண்மையான சோதனை. கச்சான் காற்றடிக்கும் மாதங்களில் தகர, சீற்றுக் கூரை வீடு நடுச்சாமம் வரை சூட்டைக் கக்கிக்கொண்டிருக்கும். அந்த நேரத்தைத் திண்ணையில் கழிக்கலாம், சாய்மனைக் கதிரையில் அல்ல, நிமிர்ந்த கதிரையில். படுக்க ஒன்றரை மணித்தியாலம் முன்னர் குளித்தால் உடம்பின் உள்சூடு இறங்கி நித்திரைக்கு வழிவிடும். பிளேன்டீயை மதியத்தோடு நிறுத்தவேண்டும். அதன் கஃபீன் பாதியாகக் குறையவே ஏறத்தாழ 5 மணித்தியாலம் எடுக்கும். படுத்து 20 நிமிடம் போல நித்திரை வராவிட்டால் எழும்பி மற்ற அறைக்குப் போய், கண் சொக்கிய பிறகே திரும்பவேண்டும். ஒரே அறை வீட்டில்? பாயைச் சுருட்டி வைத்துவிட்டுச் சுவரோரம் இருக்கலாம். படுக்கை நித்திரைக்கு மட்டும் என்பதை மூளை படிக்கவேண்டும் என்பதே நோக்கம், அறை எத்தனை என்பதல்ல. எழும்பியதும் வெளிச்சம் வேண்டும். உப்புவெளிக் கரையில் சூரியன் கடலுக்குள்ளிருந்து எழும்பி நேரே முகத்தில் அடிக்கும். அரை மணித்தியாலம் நடந்தால் உடல் மணிக்கூட்டுக்கு அது மெலட்டோனினைவிடப் பலமான சாவி.

கிண்ணியா, மூதூர்ப் பக்கத்தில் நோன்பு மாதத்தில் சஹருக்கு எழும்புவதால் இந்தக் கணக்கு குழம்பும். நோன்பு முடியத் தொடங்குவது நல்லது. குளிசைக் குறைப்பையும் அந்த மாதத்தில் தொடங்கவேண்டாம்.

குறைப்பது

நித்திரைக் கணக்கு தொடர்ந்து இரண்டு, மூன்று கிழமை 85 வீதத்தில் நிற்கிறதா? இப்போதுதான் குளிசையைத் தொடலாம், கிளினிக் வைத்தியரிடம் சொல்லி, கொப்பியில் எழுதிக்கொண்டு. திருகோணமலை மாவட்ட பொது வைத்தியசாலை மனநல கிளினிக்கோ வேறு இடமோ, ஒரே வைத்தியரிடம் போவது முக்கியம். இரண்டு இடத்தில் இரண்டு சீட்டு இருந்தால் எந்தக் குறைப்பும் நிற்காது.

குளோனசெபாம் 0.5 ஐ எடுத்துக்கொள்வோம். கையால் வெட்ட முடிவது கால் துண்டு, 0.125. முழுதிலிருந்து முக்காலுக்கு இறங்குவது கால் பங்கு குறைப்பு. அரையிலிருந்து காலுக்கு இறங்குவதோ அன்றிருக்கும் அளவில் பாதியைக் கழிப்பது. காலிலிருந்து சைபருக்குப் போவது முழுதையும். துண்டு ஒரே அளவு, உடம்புக்கு அடி ஒரே அளவல்ல. "கடைசித் துண்டைத்தான் விட முடியவில்லை" என்று எல்லோரும் சொல்வதன் காரணம் மனப்பலவீனம் அல்ல, கணக்கு. எனவே ஒவ்வொரு படியிலும் 4 கிழமை, கடைசி இரண்டு படியில் அதைவிடக் கூட.

இதைச் சீராக்கச் சில வைத்தியர்கள் டயசெபாமுக்கு மாற்றிக் குறைப்பார்கள். குளோனசெபாம் 0.5 க்கு ஏறத்தாழ ஈடு டயசெபாம் 10 மி.கி. எண்ணைப் பார்த்து இருபது மடங்கு பெரிய குளிசை தந்துவிட்டார் என்று பயப்படவேண்டாம், மி.கி. பலத்தைக் காட்டாது. டயசெபாமில் 2 மி.கி. குளிசை இருப்பதால் படியைச் சிறிதாக்கலாம். 10 இலிருந்து 5 வரை இரண்டு கிழமைக்கு 1 மி.கி. என்றால் 10 கிழமை. 5 இலிருந்து சைபர் வரை இரண்டு கிழமைக்கு அரை மி.கி. என்றால் 20 கிழமை. ஏழு மாதம். நீளமாகத் தெரிந்தாலும் ஏழு வருடக் குளிசைக்கு அது நியாயமான கூலி. மிக முதிர்ந்தவருக்கும் ஈரல் நோய் உள்ளவருக்கும் டயசெபாம் தேங்கும் என்பதால் அவர்களுக்கு இந்த வழி பொருந்தாமல் போகலாம்.

வெட்டுவதிலும் விடயம் உண்டு. கத்தியால் வெட்டினால் பாதி தூளாகும். பாமசியில் கேட்டால் குளிசை வெட்டும் சின்னப் பெட்டி கிடைக்கும். ஒரு குளிசையை வெட்டினால் துண்டுகள் சமமாக வராது. பெரிய துண்டை இன்றைக்கும் சின்னதை நாளைக்கும் எடுத்து அந்தக் குளிசையை முடித்த பிறகே அடுத்ததை வெட்டினால் சராசரி சரியாகும். கடற்காற்றின் ஈரத்தில் வெட்டிய துண்டு உதிர்ந்துபோகும், ஒரு கிழமைக்கு மேல் வெட்டி வைக்கக்கூடாது. மெல்லக் கரையும் வகைக் குளிசையை வெட்டவே கூடாது.

ஒரு படி இறங்கி இரவு கெட்டால் திரும்ப மேலே ஏறாமல், நின்ற இடத்திலேயே இன்னும் இரண்டு கிழமை நிற்பது வழி. தாங்க முடியாவிட்டால் மட்டும் முந்தைய படிக்குப் போகலாம், முதல் படிக்கு அல்ல. மனம் மிகவும் தளர்ந்து, வாழ்வே வேண்டாம் என்று தோன்றினால் குறைப்பை நிறுத்தி அன்றே வைத்தியரைப் பார்க்கவேண்டும். 1926 தேசிய மனநல நிறுவனத்தின் உதவி எண்.

குளிசை முடிந்து மாதங்கள் கழித்து, ஒரு செத்த வீட்டில் இரண்டு இரவு முழித்த பிறகோ, காய்ச்சலுக்குப் பிறகோ, நான்கைந்து இரவு பழையபடி கெடும். அலுமாரியில் மிஞ்சிய கார்ட் ஞாபகம் வருவது அப்போதுதான், ஆகவே அதை முன்கூட்டியே வீட்டை விட்டு அகற்றியிருக்கவேண்டும். 5.30 க்கு எழும்புவதை விடாமல், படுக்கையை ஒரு கிழமைக்கு அரை மணித்தியாலம் பிந்தி விரித்தால் பெரும்பாலும் அது தானே வழிக்கு வரும். மூன்று கிழமை கடந்தும் வராவிட்டால் கொப்பியைத் திரும்ப எடுத்து, முதல் பக்கத்திலிருந்து கணக்கு.